பதினான்கு நாள் ஓய்வு யாருக்குக் கிடைக்கும்?

பழைய வேலையில் என் ஒப்பந்தம் மே 31-ஆம் தேதி முடிந்தது. புதிய வேலையில் ஜூன் 25-ஆம் தேதி சேர வேண்டும். நடுவில் கிடைத்த 24 நாட்களில், என் 34-ஆவது வயதில், டான்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

"இதெல்லாம் சின்னப் பிள்ளையில செய்யிறதுல்லா? இத்தனை வயசுக்கு மேல எதுக்கு?" என்று பலரும் கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கூலிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். தொண்டையின் இரு பக்கமும் சதை வீங்கிச் சீழ் பிடிக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்று. காசு கேட்கவில்லை. ஆனால் பிள்ளையோடு கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

அந்த ஆள்தான் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா தென்காசிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருந்தார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அது கடனில் ஏறும். அம்மா பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்குக் கூலி இல்லை. "பதினஞ்சு நாளு நான் உன்கூடக் கெடந்தா மத்த நாலு பேரு வயித்துக்கு என்ன செய்ய?" என்று கேட்டார். யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. அந்தச் சீட்டை மட்டும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

எங்கள் துறையின் அறிக்கைகளில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி 'விழிப்புணர்வு இல்லை', 'சிகிச்சையை மறுத்துவிட்டனர்' என்று ஒரு வரியில் எழுதி முடிப்பது வழக்கம். என் அம்மாவுக்கு விழிப்புணர்வு இருந்தது. சீட்டும் இருந்தது. பதினைந்து நாள் கூலிதான் இல்லை.

சமூகவியல் படித்தபோது ஒரு ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1934-இல் நியூயார்க்கில், 11 வயதுள்ள 1000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை டாக்டர்கள் சோதித்து, 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். 'தேவையில்லை' என்று விட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டியபோது 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மிஞ்சிய 116 பேரை மறுபடியும் காட்ட, இன்னும் 51 பேர். கடைசியில் யாரும் கத்தி வைக்கச் சொல்லாதவர்கள் 65 பேர்தான். அதே 11 வயதில் எனக்குச் சீட்டு கிடைத்தது. ஆபரேஷனுக்கு 23 வருடம் காத்திருந்தேன். ஒருவர் உடம்பில் கத்தி படுவதும் படாமல் போவதும் நோயை மட்டும் பொறுத்தது இல்லை என்பதை எனக்குப் புரியவைத்த கணக்கு இது.

இன்று டாக்டர்கள் அவ்வளவு எளிதாக எடுக்கச் சொல்வதில்லை. ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் ஆண்டுக்கு 3 முறை கடுமையாக வந்தால்தான் யோசிக்கிறார்கள். எனக்குப் போன வருடம் மட்டும் 7 முறை வந்தது. ஒவ்வொரு முறையும் காய்ச்சலோடு கள ஆய்வுக்குப் போனேன். ஒப்பந்த வேலையில் எனக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. புதிய வேலையிலும் தகுதிகாண் காலமான ஆறு மாதத்துக்குக் கிடையாது. ஆகவே, எனக்குச் சொந்தமாக இருந்தவை அந்தச் சம்பளமில்லாத 24 நாட்கள் மட்டுமே.

அரசு மருத்துவமனையில் செய்துகொண்டேன். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, முழு மயக்கம், ஆபரேஷன் எல்லாம் இலவசம். பெரியவர்களுக்கு வலி பிள்ளைகளைவிட அதிகம் என்று முன்பே சொன்னார்கள். எச்சில் விழுங்கினாலே காதுக்குள் குத்தியது. ஆறிய கஞ்சியும் ஐஸ்கிரீமும்தான் சாப்பாடு. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, புண்மேல் படிந்த வெள்ளைப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம், கசிந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. தொண்டையை வருத்திப் பேசக் கூடாது.

இரண்டாம் நாள், பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு இருந்த அம்மா, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். தாளில் எழுதிக் காட்டினேன். பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி. தெருப் பெயரை எழுதினேன். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29-ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை நீக்கலாம், அந்த இரண்டாவது கேள்வியை யார் நீக்குவது? அதுவரை எங்கள் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் வாங்கிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு வாங்கவில்லை. நோயாளியாகப் படுத்திருக்கும் இடத்திலும் எங்களுக்கு முழு ஓய்வு கிடைப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பெரியம்மா பார்க்க வந்தார். குற்றாலத்தில் சீசன் நாட்களில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலை அவருக்கு. சாரல் அடிக்கும்போது ஊரே பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் குளிக்க வரும். விடியும் முன்பே அதே சாரலில் நனைந்துகொண்டு, எண்ணெய்ப் பாக்கெட்டையும் விட்டுப்போன ஈரத் துணியையும் இவர்கள் அள்ளுவார்கள். பெரியம்மாவுக்கும் பல வருடமாகத் தொண்டை வலி. சுக்குக் கசாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு செலவாச்சு?" இல்லை. "எத்தனை நாளு படுக்கணும்?" பதினான்கு என்று விரலால் காட்டினேன். "சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார். சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடியும். அப்போது வேறு கூலி தேட வேண்டும். அந்தப் 'பாப்போம்' என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தொண்டை வலிதானே என்று விடவும் முடியாது. சில வகைத் தொற்றுக்குச் சரியான மருந்து கொடுக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் இந்தத் தொற்று வேகமாகப் பரவும். பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

நோயாளிக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்று டால்காட் பார்சன்ஸ் 1951-இல் எழுதினார். அந்த விலக்கு மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும். இஎஸ்ஐ திட்டத்தில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் முதன்முறையாக அதில் சேர்பவருக்கு அந்த உதவி தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும். பீடி சுற்றுகிறவரையும் சூளையில் இருப்பவரையும் சீசன் வேலைக்காரரையும் போல நாள் கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் உழைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே வருவதில்லை. இந்த வேலைகளில் எந்தச் சாதியினர் அதிகம் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இலவச ஆபரேஷன் நாம் போராடிக் காக்க வேண்டிய உரிமை. அதோடு ஓய்வு நாளுக்கான கூலியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நோயாளிக்கும், அவரோடு கூட இருக்கும் ஒருவருக்கும், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் கையுறைக்கும் காலணிக்கும் அடுத்த வரியாக இதை எழுதலாம்.

என்னைப் போல் களத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த முறை ஒரு படிவத்தில் 'சிகிச்சையை மறுத்துவிட்டார்' என்று எழுதும் முன், எத்தனை நாள் படுக்கச் சொன்னார்கள், அத்தனை நாளுக்கு அந்த வீட்டில் யார் சம்பாதிப்பார்கள் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலையும் அதே படிவத்தில் எழுதுங்கள்.