ஓடை இறங்கும் வழியே ஒரு நடை

“மலையும் அருவியும் உள்ள ஊர்க்காரர்களுக்குக் காலாற நடக்க இடம் இருக்கிறது. மரக்காணம் பக்கத்து விவசாயி எங்கே போவது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குறைபட்டுக்கொள்ளத் தேவையில்லை. வானூர், மரக்காணம் வட்டாரத்தில் காடு உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, சற்று மேற்கே போனால் ஆறும் உண்டு. மூச்சு வாங்கும் ஏற்றம்தான் இல்லை. ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு அதுவும் நல்லதே.

தொடங்க ஏற்ற ஊர் இடையஞ்சாவடி. ஆடு மாடு ஓட்டியவரையும், நடந்து களைத்தவர் தங்கும் சாவடியையும் சேர்த்துச் சொல்லும் பெயர். கடல் மட்டத்துக்குச் சுமார் 50 மீட்டர் மேலே இருக்கும் செம்மண் மேடு இது. இங்கே விழும் மழை ஒரு பக்கம் இரும்பை ஏரிக்கும், கிழக்கே ஓடைகள் வழியாகக் கடலுக்கும், வடக்கே கழுவெளிக்கும் பிரிந்து போகிறது. இந்த நடைக்கு ஒரே விதிதான்: தண்ணீர் போகும் திசையில் போக வேண்டும்.

அந்த ஊரில் மூன்று ஏக்கர் முந்திரி வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் ஒரு தை மாதக் காலையில் கிளம்பினார். கூட வந்தவள் அவருடைய அக்கா மகள், திண்டிவனத்தில் கல்லூரியில் படிப்பவள். பொழுதுபோக்குக்காகத்தான் அவள் அழைத்தாள். அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் கொல்லையின் கீழ்வரப்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சரி செய்ய ஆகும் செலவுக்கு, வரப்பு எல்லாவற்றையும் ஜேசிபியால் தட்டிச் சமமாக்கிவிடலாம் என்று வண்டிக்காரர் சொன்னார். தட்டிய நிலத்தை மனையாகக் கேட்க ஓர் ஆள் தயாராக இருந்தார்.

ஊரைத் தாண்டியதும் ஆரோவில் காடு. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்த பத்தாவது அடியில் காலடிச் சத்தம் மாறிவிடும். கீழே கிடப்பது இலைச்சருகு மெத்தை. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே காடு இல்லை. ஆங்காங்கே பனை நின்ற பொட்டல், மழை கிழித்த செம்மண் வெடிப்புகள், அவ்வளவுதான். பிறகு வந்த ஆண்டுகளில் முதலில் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். மரம் அதன்பின் வந்தது. இந்த வரிசையை விவசாயிகள் கவனிக்க வேண்டும். தண்ணீர் நிற்காத மேட்டில் நட்ட கன்று அடுத்த கோடையைப் பார்க்காது.

“இந்த வரப்பெல்லாம் யாரு மாமா போட்டது?”

“சுத்துப்பட்டு ஜனங்க கூலிக்குப் போயி போட்டதும்மா. உங்க தாத்தாவும் மண்ணு சுமந்தாரு.”

மரங்களின் கதையும் கேட்கத் தக்கது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு வகை அக்கேசியாவை நிழலுக்காகவும், சருகுக்காகவும் முதலில் வளர்த்தார்கள். அதன் நிழலில் உள்ளூர்க் காட்டு மரங்கள் எழுந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது அக்கேசியா கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தது. இந்த மண்ணுக்கு உரிய மரங்கள் அதைவிட நன்றாகத் தாங்கி நின்றன. சீக்கிரம் வளர்வதை மட்டும் பார்த்து வேலியோரத்தில் மரம் வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

காடு முடிந்து கிழக்கே சரியும் இடத்தில் ஓடைப் பள்ளத்தாக்குகள் வருகின்றன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அடுக்கடுக்காக நிற்கும் மண்சுவர்கள். சில இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அழகான இடம். விவசாயிக்கு அது திறந்து கிடக்கும் காயம்.

“நான் சின்னப் பையனா இருந்தப்ப இந்த மேல்கோடியில தாண்டிக் குதிப்போம். இப்ப எட்டிப் பார்க்கவே பயமா இருக்குது” என்றார் மாமா.

“அப்படின்னா இது நம்ம கொல்லைப் பக்கம் வந்துகிட்டு இருக்குதா?”

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஓடையில் தண்ணீர் கீழ்நோக்கி ஓடினாலும் ஓடை அரிப்பு மேல்நோக்கி ஏறும். தலைப்பகுதியில் தண்ணீர் விழுந்து அடிமண்ணைக் கரைக்கிறது, மேலே இருக்கும் விளிம்பு சரிகிறது, ஓடை ஓர் அடி முன்னேறுகிறது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் இதே வேலை. மேட்டிலுள்ள வரப்பைத் தட்டிவிட்டால் மொத்தத் தண்ணீரும் ஒரே வாயில் விழும். அங்கே புதிய ஓடை பிறக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஃபெஞ்சலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஓர் ஏக்கரில் 50 சென்டிமீட்டர் என்றால் 20 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 168 நடைக்கு மேல். மூன்று ஏக்கருக்கு 500 லாரிக்கு மேல். இதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கினாலும் கிணற்றுக்கு வரவு. இறங்காமல் ஓடினால் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த மண்தான் ஏரியில் வண்டலாகப் படிகிறது. பிறகு வட்டாட்சியர் அனுமதி வாங்கி, டிராக்டர் வாடகை கொடுத்து அதையே திரும்ப ஏற்றி வருகிறோம். இலவசமாக அனுப்பிவிட்டுக் காசு கொடுத்து மீட்கும் வியாபாரம்!

வடகிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு யாரும் நட்டதல்ல. சோழமண்டலக் கடற்கரையின் பழைய காடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று காட்டுவதற்கு மிஞ்சியிருக்கும் சில துண்டுகளில் ஒன்று. வீரை, காசான் போன்ற மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. மழை குறைந்த கடற்கரையில் இலை உதிர்க்காத காடு இருப்பது உலகத்திலேயே அபூர்வம். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். வேலி போட்டுக் காத்ததை விட, சாமி காடு என்று ஊரார் கை வைக்காமல் விட்டதுதான் பெரிய காவல்.

அங்கிருந்து வடக்கே கழுவெளி. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேட்டிலிருந்து வரும் நன்னீரும் எடையன்திட்டு கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீரும் சேரும் இடம். மழைக்குப் பின் தண்ணீர் இனிப்பாகவும், வெயில் ஏற ஏற உப்பாகவும் மாறும். குளிர்காலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். அதைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளம். மேலே ஓட்டம் குறைந்து ஊறல் கூடினால் நிலத்தடி நன்னீர் உப்பைத் தள்ளி நிற்கும். அந்தப் பலம் குறைந்த கடலோரக் கிணறுகளில் இறைப்பு கூடக்கூட உப்பு ஏறும். முந்திரிக்கொல்லை வரப்புக்கும் எங்கோ ஒரு நெல்வயல் கிணற்றுக்கும் இருக்கும் உறவு இந்தப் பாதையை நடந்தால்தான் பிடிபடும். காரில் போனால் புளியமரமும் பெட்ரோல் பங்க்கும்தான் தெரியும்.

ஆற்றோரம்தான் வேண்டும் என்பவர்கள் திருவக்கரைக்குப் போகலாம். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி அங்கே ஓடுகிறது. பக்கத்தில் தேசியக் கல்மரப் பூங்கா. கோடி வருடக் கணக்கில் வயதுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை புதைந்திருந்த மணற்கல் படிவம்தான் இடையஞ்சாவடி மேட்டுக்கும் அடியில் இருக்கிறது.

இன்னொன்று. நடந்து போகும் வழிகள் குறைந்து வருகின்றன. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறித்திருக்கும் இடத்தில் இன்று கம்பி வேலி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். இங்கிலாந்தில் 1949-ல் ஒரு சட்டம் போட்டு, மக்கள் நடக்கும் வழிகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்ற வைத்தார்கள். அங்கே தனியார் வயலுக்கு நடுவிலும் அந்த வழியாக யாரும் போகலாம். இங்கே பழைய வரைபடம் கையில் இருக்கிறது, நடக்க ஆள் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பாதையை வேலிக்குள் இழுப்பது சுலபம்.

போகிறவர்கள் தை, மாசியில் போகலாம். அடைமழை நாளில் ஓடைக்குள் இறங்க வேண்டாம், மண்சுவர் சொல்லிக்கொண்டு சரியாது. சருகில் கட்டுவிரியன் இருக்கும், மூடிய செருப்பு அவசியம். ஆரோவில் காடுகளில் குடியிருப்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டுப் போவது முறை. வழியில் மேய்ச்சல்காரர் யாராவது இருந்தால் மரத்தின் பெயர் கேளுங்கள். செயலியை விடச் சரியாகச் சொல்வார்.

முந்திரிக்கொல்லைக்காரர் ஜேசிபியை அரை நாளுக்கு மட்டும் வரச் சொன்னார். உடைப்பை அடைத்து, உபரித் தண்ணீர் வழியக் கல் பதித்த வாய் ஒன்று வைத்தார். வரப்பின் மேல் வெட்டிவேர் நாற்று. மனை கேட்டவர் இன்னும் போன் செய்கிறார். அவரும் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை. அடுத்த முறை கழுவெளி வரை போவோம் என்கிறாள் அக்கா மகள். மாமாவுக்கு ஆட்சேபணை இல்லை, திரும்பி வரும்போது பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான்.