இடாப்பு

லேனாவிளக்கு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மூன்று தலைமுறையும் ஒன்றாக வந்து என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தது. அம்மம்மா, மகள், பிளஸ் டூ படிக்கும் பேத்தி. வழக்கு மகளுக்கு, பாஸ்போர்ட் மறுத்துவிட்டார்கள். 1985-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பாலேயே குடிமகன். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2022-ல் இப்படிப்பட்ட ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லியிருந்தது. சிக்கல் ஒன்றுதான்: பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறவில்லை. தாயின் அபிடவிட் வேண்டும்.

பிறந்த தேதியைக் கேட்டேன். அம்மம்மா 1983 ஜூலைக் கலவரத்தில் ஆரம்பித்தார்.

“கையில இடாப்போட வந்தவங்கள், ஐயா. வீட்டு நம்பர் பாத்துத்தான் கொளுத்தினவங்கள்.”

இடாப்பு என்றால் வாக்காளர் பட்டியலாம். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு. பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் அலமாரிக்குப் பின்னால் இரண்டு இரவு, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை, அடுத்த வருஷம் ராமேஸ்வரத்துக்குப் படகு. குமாஸ்தா டைப் அடித்ததும் ஒன்பது பக்கம் வந்தது. ஏழு பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை. அந்தக் கோடு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

1961-ல் ஜெருசலேமில், யூதப் படுகொலைக்காக நாஜி அதிகாரி ஐக்மன் மீது நடந்த வழக்கை அரசுத் தரப்பில் நடத்திய கிடியோன் ஹவுஸ்னர் நேர்மாறாகச் செய்தவர். ஆவணங்களே போதும் என்ற வழக்கில் நூறு பேருக்கு மேல் கூண்டில் ஏற்றினார். பலர் ஐக்மனைப் பார்த்ததுகூட இல்லை. நீதிபதிகளே பொறுமை இழந்தார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் வாய் திறக்காத சங்கதியை, இளையவர்கள் பலர் ரேடியோவில் அப்போதுதான் கேட்டார்கள். வக்கீலாக அவரை நான் மெச்சியதில்லை.

கையெழுத்துப் போட வந்த அன்று, ஓரமாகக் கிடந்த அந்த ஏழு பக்கத்தைப் பேத்தி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இடாப்புன்னா என்ன சார்?”

பேச்சு அசல் புதுக்கோட்டை. முகாமிலேயே பிறந்தவள். படகில் வந்த கதை தெரியுமாம். எரித்த கதையை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“அம்மம்மாட்டயே கேளு” என்றார் அவள் அம்மா.

கேட்டாள். கிழவி சொல்லச் சொல்ல என் பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்தாள்: எந்தத் தெரு, அலமாரி எந்தப் பக்கம் பார்த்திருந்தது, அந்தச் சிங்கள அம்மா என்ன சமைத்துக் கொடுத்தார். தாள்கள் பறக்கின்றன என்று குமாஸ்தா ஃபேனை நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியது, யாரும் போடச் சொல்லவில்லை.

மனு இரண்டு பக்க அபிடவிட்டோடு போய், ஜெயித்தது. ஏழு பக்கத்தை அவள் முகாம் அட்டை இருந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போனாள். என் வழக்குக் கட்டில் அதற்கு நகல் இல்லை.