சாம்பல் நிறக் குருவி

ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவிற்கு அணித்தே, ஓடு வேய்ந்த பழைய வீடொன்றில் நாங்கள் குடியிருந்தோம். பின்புறம் ஒரு கொய்யா மரம். அதனை அடுத்துக் காரை உதிர்ந்த மதில். மாசித் திங்கள் பிறந்ததும், பொழுது புலருமுன்னரே அம்மதிலின்மேல் அமர்ந்து ஒரு குருவி பாடத் தொடங்கும். பனிக்காலத்தில் அதன் பாட்டைக் கேட்டதே இல்லை.

மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. “அது வாலாட்டி, தம்பி” என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். நானும் நம்பினேன். ஆயினும் வாலாட்டிக்குக் கண்ணின்மேல் வெண்புருவம் உண்டு. இதன் தலையோ முழுக் கறுப்பு. வாலாட்டி, வாலை மேலும் கீழும் அசைத்தபடி விறுவிறுவென நடக்கும். இது தத்திச் சென்று, நின்றதும் வாலை நிமிர்த்திக்கொள்ளும். இறக்கையில் நீண்ட வெள்ளைப் பட்டை. வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை. பறவை நூலொன்றில் படத்தைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது: குண்டுக்கரிச்சான்! (வெறுங் கரிச்சான் வேறு, அது மாட்டின் முதுகில் அமரும் இரட்டைவால் குருவி.) வங்கதேசத்தார் தம் நாட்டுப் பறவையாகக் கொண்டது இதனையே. எல்லாம் தெரிந்துவிட்ட செருக்கோடு நூலை மூடினேன்.

பங்குனியில், சாம்பல் நிறக் குருவியொன்று வேரும் நாருமாக மதிற்பொந்துக்குள் நுழையக் கண்டேன். அதனை நான் பொருட்படுத்தவில்லை. காரை பூச வந்த மேஸ்திரி, “பொந்துக்குள்ளே ஏதோ குப்பை கிடக்குதுங்க ஐயா, எடுத்துடலாமா?” என்றார்.

“எடுத்துவிட்டு அடைத்துவிடுங்கள்” என்றேன்.

மறுநாள் விடியலில் பாட்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நூலை மீண்டும் எடுத்தேன். ஆணுக்குக் கறுப்பு உள்ள இடங்களில் பெண்ணுக்குச் சாம்பல் நிறம். இறக்கைப் பட்டை இரண்டிற்கும் உண்டு. கூடு கட்டுவதில் பெரும்பங்கு பெண்ணுடையது. படத்தின் கீழேயே இருந்தது அக்குறிப்பு. அச்சாம்பல் குருவியின் இறக்கையில் அந்த வெள்ளைப் பட்டையை நான் பார்த்துத்தான் இருந்தேன்.

மரப்பெட்டியிலும் இப்பறவை கூடு கட்டும் என்றறிந்து, கொய்யா மரத்தில் ஒன்றைப் பொருத்தினேன். அவ்வாண்டு எதுவும் வரவில்லை. அடுத்த மாசியில் ஒரு சாம்பல் குருவி அதன் வாயிலில் அமர்ந்து தலையை உள்ளே நீட்டியது. பழைய குருவிதானா, வேறொன்றா? அதைச் சொல்லும் அடையாளம் எதுவும் அந்நூலில் இல்லை.