குரலைக் கழித்த வயர்

சென்னையில் மூடிவிட்ட ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அந்த இரண்டு பெட்டிகளும் செந்துறைக்கு வந்து சேர்ந்தன. ஜெனலெக் 1031ஏ. பின்லாந்தின் ஈசால்மியில் 1978இல் தொடங்கிய நிறுவனம் 1991இல் வெளியிட்ட மாடல். ஒவ்வொன்றும் 12 கிலோவுக்கு மேல். 8 அங்குல வூஃபர், அதற்கு மேலே 1 அங்குல ட்வீட்டர், இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர், எல்லாம் பெட்டிக்குள்ளேயே. கல்யாண வீடியோ எடிட் செய்கிற எங்கள் ஆபீஸுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

பெட்டியின் பின்னால் இருந்தது மூன்று பின் வைத்த எக்ஸ்எல்ஆர் ஓட்டை. கம்ப்யூட்டரில் இருந்ததோ சின்ன ஹெட்போன் ஓட்டை. கேமரா பையில் தேடியபோது இரண்டு முனையும் பொருந்துகிற ஒரு வயர் கிடைத்தது. பொருந்தினால் சரியான வயர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெட்டியை மட்டும் மாட்டிப் பார்க்கலாம் என்று செருகினேன்.

அன்று பார்த்து ஒரு பெரியவர் மெமரி கார்டோடு வந்திருந்தார். அவருடைய அம்மா பேசியது, போனில் பிடித்தது. முதல் வருசத் திதிக்குச் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், இரைச்சலை மட்டும் எடுத்துத் தர வேண்டும் என்றார். ஓடவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினால் ஏதோ மெல்லிய உஸ் மட்டும்.

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா கொரலு அழிஞ்சு போச்சா தம்பி?"

"பொட்டி செத்துப்போச்சு, காயலான் கடையில போடு" என்றார் வயர்மேன் அண்ணன். சந்தேகத்துக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டேன். வயலின்கள் எங்கோ தூரத்தில் கேட்டன. பாடுகிறவரை மட்டும் காணோம். செத்த பெட்டி எப்படி ஆளைப் பார்த்துத் தள்ளிவைக்கும்?

அப்புறம்தான் புரிந்தது. எக்ஸ்எல்ஆரில் ஒரு பின் எர்த். மற்ற இரண்டிலும் ஒரே ஒலி வரும், ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. பெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் வயர் பிடித்துக்கொண்ட இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடும், ஒலி நிற்கும். எங்கள் வயரோ இடது பக்க ஒலியை ஒரு பின்னிலும் வலது பக்க ஒலியை மற்றதிலும் கொடுத்தது. பாடகரின் குரல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். போன் பதிவு முழுக்கவே சமம். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் பூஜ்யம். பெட்டி கணக்கைச் சரியாகத்தான் போட்டது. தப்பான கணக்கைக் கொடுத்தது நான்.

வயரை அறுத்து, இடது ஒலியை ஒரு பின்னுக்கும், மீதிப் பின்னை எர்த்தோடும் சேர்த்து ஈயம் வைத்தேன். குரல் வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று கரண்டின் முனகலும் வந்தது. கம்ப்யூட்டரின் எர்த்தும் பெட்டியின் எர்த்தும் அந்த வயர் வழியாக ஒரு வளையமாகிவிட்டன.

"எர்த் பின்னை ஒடிச்சு விடு, நின்னுடும்" என்றார் அண்ணன். நிற்கும்தான். ஆனால் பெட்டியின் பின்பக்கம் உலோகத் தகடு. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டியது தொட்டவன் உடம்பு வழியாகப் போகும். எங்கள் ஆபீஸில் தினமும் தூசி தட்டுகிற பையனுக்குப் பதினெட்டு வயசு. வேண்டாம் என்றுவிட்டேன்.

அரியலூரில் இருந்த நண்பரிடம் யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்றை இரவல் வாங்கினேன். அதிலிருந்து நேரும் தலைகீழுமாகவே ஒலி வரும். எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் செருகினேன். முனகல் நின்றது. ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஏற்றபடி பெட்டிக்குப் பின்னால் இருந்த திருகைக் குறைத்துவைத்தேன்.

சாயங்காலம்வரை பெரியவர் போகவில்லை. இப்போது ஓடவிட்டபோது ஃபேன் இரைச்சலுக்கு நடுவே டொக் டொக் என்று இன்னொரு சத்தம் பிரிந்து கேட்டது. போனில் அது வெறும் கரகரப்பாகத்தான் இருந்தது. எதை எடுக்கட்டும் என்று கேட்டேன்.

"அது முந்திரிக்கொட்டை ஒடைக்கிற சத்தம். பேசிக்கிட்டே ஒடைக்கும். அத எடுத்துறாதீங்க."

ஃபேனை மட்டும் எடுத்தேன். அன்றைக்கு அறுத்த வயரின் ஜோடி இன்னும் கேமரா பையில் கிடக்கிறது. அதில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன்: பெரிய பெட்டிக்கு ஆகாது.