வேங்கடத்து அடிவாரத்தில் ஒரு போன் விசாரணை

சென்னையிலிருந்து சித்தூருக்குப் போகிறவர்கள் சாதாரணமாக ராணிப்பேட்டை வழியாகத்தான் போவார்கள். சென்ற தை மாதத்தில் தாய்நாடு சென்றிருந்த நான் வேண்டுமென்றே சுற்று வழியில் புறப்பட்டேன். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் இவற்றைக் கடந்து, தடா அருகே ஆந்திர எல்லைக்குள் புகுந்து, சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர் மார்க்கமாகத் திருப்பதி சேர்ந்து, அங்கிருந்து சித்தூரில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்தேன். சத்தியவேட்டைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. வேங்கடமே தமிழ்நாட்டின் வடவெல்லை என்பது தொல்காப்பியப் பாயிரம் கூறும் செய்தி. அந்த வேங்கடம் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. பழைய வடஆர்க்காட்டிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து 1911-இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த ஜில்லா ஆந்திரத்துக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானம் அவர்கள் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நமக்குத் திரும்பி வந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து ஆந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட நிலப்பகுதிதான் இந்தச் சத்தியவேடு. இன்றும் அங்கே டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. சில்லறை மட்டும் தெலுங்கில் எண்ணித் தருகிறார்கள்.

இந்தச் சத்தியவேட்டுக்கும் தடாவுக்கும் இடையேதான் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்திருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தூரம். ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று; மறு பக்கம் வேலிகாத்தான் முளைத்த செம்மண் மேடு; நடுவே அகன்ற சாலைகளும் நீண்ட வெள்ளைக் கொட்டகைகளுமாக ஆலைகள். இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2015 ஆகஸ்டில் ஷியோமி போன்கள் தயாராகத் தொடங்கின. மாலையில் முறை மாறும் வேளையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தமிழும் தெலுங்கும் கலந்து பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். உலகத்துக்கெல்லாம் போன் செய்து அனுப்பும் சீமை ஒன்று உண்டு, அது எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு, அது நம் பழைய செங்கற்பட்டு மண்ணிலேயே இருப்பதைக் கண்டு பெருமிதம் உண்டாயிற்று.

நாகலாபுரத்துக் கோயிலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் பெற்ற புத்தூரைத் தாண்டி, திருப்பதி பஸ் நிலையத்தில் மாறி ஏறிச் சித்தூர் சேர்ந்தபோது இரவு எட்டு மணி.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ஆனால் முகத்தில் மலர்ச்சி இல்லை. சாப்பாடு ஆனதும், “தம்பி, இந்தப் போனைக் கொஞ்சம் பாரேன். பாங்குக் கணக்கைத் திறக்க மாட்டேன் என்கிறது. அத்தானுடைய பென்ஷன் சங்கதி முழுதும் இதில்தான் வருகிறது” என்று நீட்டினாள்.

இரண்டு வாரங்களுக்கு முன் அவள் மகன் திருப்பதியில் ஒரு கடையில் அதை வாங்கி வந்திருக்கிறான். பெயர் பெற்ற கம்பெனியின் முத்திரை, பளபளக்கும் பெட்டி, கடைகளில் 13,000 ரூபாய்க்கு விற்கும் மாடல் என்று சொல்லி 8,500 ரூபாய்க்குக் கொடுத்தார்களாம். பில் கிடையாது. அந்த 8,500 ரூபாயும் அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

நான் முதலில் *#06# என்று அழுத்தினேன். போன் தன்னுடைய ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திரையில் காட்டியது. இரண்டு சிம் போடும் கருவியாகையால் இரண்டு எண்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்களை அவற்றோடு ஒப்பிட்டேன். இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அக்கா எதுவும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் விடவில்லை. “ஏழாவது எட்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் பூஜ்யம் இருந்தால் அசல் சரக்கு என்று வாட்ஸப்பில் வந்ததே!” என்றார். இந்த வதந்தி நம் சங்கத்துக் குடும்பங்களிலும் உலவுவதை நான் அறிவேன். ஆகையால் இதைச் சிறிது விளக்கமாகச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் அந்த இரண்டு இலக்கங்கள், கருவி எந்த ஆலையில் பூட்டப்பட்டது என்பதைக் குறித்தது உண்மை. 2004-க்குப் பிறகு அந்த வழக்கம் இல்லை. இப்போது 15 இலக்கங்களில் முதல் 8 இலக்கங்கள் கருவியின் மாடலைக் குறிப்பவை. அவற்றுள்ளும் முதல் இரண்டு, எண்ணை ஒதுக்கிய அமைப்பு எது என்பதைக் காட்டும்: 35 என்றால் பிரிட்டன், 86 என்றால் சீனா, 91 என்றால் இந்தியா. எண்ணை ஒதுக்கிய நாடு வேறு, பொருளைச் செய்த நாடு வேறாக இருக்கலாம். அடுத்த 6 இலக்கங்கள் அந்தத் தனிக் கருவிக்கு உரியவை. கடைசி இலக்கம் சோதனைக்காக வைத்தது.

அந்தச் சோதனையைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். நூல்களில் உதாரணமாகக் காட்டும் எண் 490154203237518. கடைசி 8-ஐ விட்டுவிட்டு, இடமிருந்து இரண்டாவது, நான்காவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 18, 14 என்று இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இலக்கங்களைத் தனித்தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். இப்படி எல்லாவற்றையும் கூட்டினால் 52 வரும். அடுத்த பத்தின் மடங்கான 60-க்கு இன்னும் 8 வேண்டும். அதுவே கடைசி இலக்கம். அக்காவின் போன் இந்தக் கணக்கில் தேறிவிட்டது! அத்தானுக்குச் சந்தோஷம். ஆனால் களவாடிய எண்ணும் இந்தக் கணக்கில் தேறும் அல்லவா? 2020-இல் மீரட் நகரப் போலீசார் விசாரித்தபோது, ஒரே ஐ.எம்.இ.ஐ. எண் 13,000-க்கும் மேற்பட்ட போன்களில் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கணக்கு மட்டும் போதாது.

ஆகவே அக்காவின் பழைய போனிலிருந்து, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் அடித்து, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். இது இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் ஏற்பாடு. 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற தளத்திலும் இதே விவரத்தைப் பார்க்கலாம். பதிலில் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் வரும். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலிப் பிரதி, ஏற்கனவே உபயோகத்தில் உள்ளது என்று வந்தால் அந்தப் போனை வாங்கக்கூடாது. எங்களுக்கு வந்த பதிலில், வேறொரு கம்பெனியின் வேறொரு பழைய மாடலின் பெயர் இருந்தது.

மற்றச் சோதனைகளையும் செய்து முடித்தேன். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியில், கருவி சான்று பெற்றதா என்பது தெரியும். இந்தப் போன் சான்று பெறாதது என்று அதுவே ஒப்புக்கொண்டது. பாங்குச் செயலி கதவைச் சாத்தியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு வேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து 8 இலக்கங்களும் பெட்டியிலோ, போனுக்குள் ஒழுங்குமுறை விவரப் பக்கத்திலோ இருக்கும். அந்த எண்ணை அந்த அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், எந்த ஆலைக்கு அளித்த பதிவு என்று காட்டும். *#07# அழுத்தினால் கதிர்வீச்சின் அளவு தெரியும். 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அக்காவின் பெட்டியில் பதிவு எண் அச்சிட வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தாம் இருந்தன. அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், விற்பனைக்குப் பொறுப்பானவரின் விலாசம் இவை ஒன்றும் இல்லை.

மறுநாள் அக்காவும் நானும் திருப்பதிக்குப் புறப்பட்டோம். பையன் வர மறுத்துவிட்டான், வெட்கம். பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “இது யாருடைய போனோ? திருட்டுப் பொருளாக இருந்து போலீஸ் வந்தால்?” அந்தப் பயம் வீணானதல்ல. ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவது, 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திருத்தியவன் எங்கோ இருப்பான். விசாரணை முதலில் வருவது போன் இருக்கும் வீட்டுக்குத்தான்.

கடைக்காரர் இளைஞர். முதலில் சிரித்தார், பிறகு பில் இல்லையே என்றார், பிறகு இரைந்தார். அக்கா சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. அவள் பேசிய தெலுங்கை நான் அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். குரலை உயர்த்தாமல், 14422-இலிருந்து வந்த பதிலை மட்டும் திரும்பத் திரும்ப அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். கடைசியில் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 2,500 போனதுதான். புகார் எழுதலாம் என்று நான் சொன்னதற்கு, “உனக்கு அடுத்த வாரம் விமானம். நான் இந்த ஊர்க்காரி” என்றாள். அந்தப் போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நாளைக்கு அது இன்னொரு அக்காவின் கைக்குத்தானே போகும்?

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் ஊருக்குப் போகும்போது போன் வாங்கிப் போகிறவர்கள். அசல் போனாக இருந்தாலும் அந்த ஊருக்கு ஏற்றதா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. 2022 முதல் அமெரிக்காவில் விற்கும் புது ஐபோன்களில் சிம் செருகும் துவாரமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது பெருந்தொல்லை. ஜியோவில் பழைய 2ஜி, 3ஜி அலைகள் இல்லை. ஆகவே 4ஜி வழியே குரல் போகும் வசதி அந்தப் போனில் இந்தியாவுக்கென்று திறந்திருக்க வேண்டும். உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கின்றன. இலங்கைக்கு வாங்கிப் போகிறவர்கள், அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி விசாரிக்கலாம். மலேசியாவில் வாங்குவோர் சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குவது நலம்.

அன்று மாலையே, பில் தரும் கடை ஒன்றில், கையிலிருந்து சிறிது போட்டு வேறு போன் வாங்கினோம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் அக்காவே *#06# அழுத்தினாள், பெட்டியோடு ஒப்பிட்டாள், 14422-க்கு எழுதினாள். பதில் வரும்வரை கடைக்காரர் பொறுமையாக நின்றார். எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வந்தது வந்தோம், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்று மலை ஏறினோம். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. வைப்பறையில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா புதுப் போனைக் கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினாள். தரிசனம் முடிந்து லட்டு வாங்கிக்கொண்டோம். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டு அது. திருமலை தேவஸ்தானத்தைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. “இதற்கு எங்கே நம்பர் பார்ப்பது?” என்று கேட்டு அக்கா அன்று முதல்தடவையாகச் சிரித்தாள்.

வைப்பறையில் சீட்டைக் கொடுத்ததும் போன் வந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. அக்கா ஓரமாக ஒதுங்கி நின்று, லட்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள். பிறகு *#06# அழுத்தி, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.