பதினெட்டு மில்லி தண்ணீர்

நான் வேதியியல் நடத்திய தனியார் பள்ளிக்கூடம் சின்னது. ப்ளஸ் டூவில் பத்தொன்பது பேர் சேர்ந்தாலே எங்களுக்குப் பெரிய செட். யார் வரவில்லை என்பது வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததுமே தெரிந்துவிடும். யாருக்கு எந்தப் பாடம் பிடிபடவில்லை என்பதும் அப்படித்தான். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு தவறு செய்தோம்.

ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பதினோராம் வகுப்பிலேயே ப்ளஸ் டூ பாடத்தைத் தொடங்கினோம். இரண்டு வருடமும் ஒரே புத்தகம், ரிவிஷன் மேல் ரிவிஷன். கேட்டது பெற்றோர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பொறியியல் கட்-ஆஃப் 200க்கு: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. மூன்றுமே ப்ளஸ் டூ மார்க். மாநில நுழைவுத் தேர்வும் 2007இல் போய்விட்டது. தறி நெய்து பீஸ் கட்டுகிற அப்பாவுக்கு அரை மார்க் என்பது அரசுக் கல்லூரியா, கடன் வாங்கிச் சேர்க்கிற கல்லூரியா என்பது.

செய்முறைத் தேர்வுக்கு முன்பு ஒரு சாயங்காலம். பியூரெட்டில் பெர்மாங்கனேட். அடர்ந்த நிறம் என்பதால் கரைசலின் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். ஒரு மாணவி குனிந்து, கண்மட்டத்துக்கு வைத்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நின்றது. மறுபடி செய்தாள், அதே அளவு. கணக்கும் பிழையில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. பியூரெட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நார்மாலிட்டின்னா என்ன சார்?"

மோல், சமான எடை எல்லாம் ப்ளஸ் ஒன் பாடம். நாங்கள் தாண்டிப்போன பாடம்.

நல்ல கட்-ஆஃப் எடுத்துப் பொறியியல் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் வேதியியல் அரியர். போனில் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இதெல்லாம் ஏற்கெனவே படிச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டே போறாங்க சார்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கல்லூரிக்குத் தயார் செய்கிறோம் என்று சொல்லிக் கல்லூரி வாசல்வரைக்கும் மட்டுமே கொண்டுபோய் விட்டிருந்தோம்.

2017இல் நீட் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதில் ப்ளஸ் ஒன் பாடமும் உண்டு. அந்தக் கல்வியாண்டிலேயே ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்ததால், அந்தப் புத்தகத்தைத் திறக்காத பள்ளிகளும் திறந்தன. 2025-26இலிருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தேர்வோடு புத்தகமும் போய்விடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நாங்கள் தேர்வு வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த போன் வந்ததற்கு அடுத்த ஜூனிலேயே ப்ளஸ் ஒன் பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். அளவுச் சாடியில் 18 மில்லி தண்ணீர், தராசில் 58.5 கிராம் உப்பு. இது ஒரு மோல், அதுவும் ஒரு மோல் என்றேன். சாடி கைமாறிக் கைமாறிப் போனது. கடைசி வரிசைப் பையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஒரு வாய்த் தண்ணிகூட இல்லையே சார், இதுக்குள்ளயா அத்தனை மூலக்கூறு?"

அன்று முழுக்க அந்தக் கேள்வியிலேயே இருந்தோம். போர்ஷன் ஒரு பக்கம்கூட நகரவில்லை.