வயிறு நிறைந்தாலும் மேய்ச்சல் நிறையாது

தாராபுரம்,
ஐப்பசி 22.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு உன் பட்டியிலேயே கிடக்கிறது. மழைக்குப் பிறகு கொறங்காடு பச்சைப்பசேல் என்றிருக்கிறது, ஆடுகள் வயிறு முட்ட மேய்கின்றன, ஆனாலும் தடவினால் முதுகெலும்பு தட்டுகிறது, புழுக்கை உருண்டையாக விழாமல் இளகிப் போகிறது என்றாய். பூச்சி மருந்து கொடுத்தும் மாறவில்லை. எனக்கென்னவோ புல்லில் இருக்கும் தண்ணீர் மேல்தான் சந்தேகம்.

உன் மேச்சேரிப் பெட்டை 25 கிலோ இருக்குமா? அதற்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் போக 800 கிராம் தீனியாவது உள்ளே போக வேண்டும். சோளத்தட்டில் ஈரம் பத்துப் பங்கில் ஒன்றுதான், 900 கிராம் தின்றால் கணக்குச் சரியாகிவிடும். மழைக்குத் துளிர்த்த கொழுக்கட்டைப் புல்லிலோ நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். அதே 800 கிராமுக்கு நாலு கிலோ புல் மேய்ந்தாக வேண்டும். அவ்வளவுக்கு அதன் வயிற்றில் இடம் ஏது?

வாயால் குடிக்கும் தண்ணீர் பெருவயிற்றில் தங்காமல் சீக்கிரம் இறங்கிவிடும். புல்லுக்குள் இருக்கும் தண்ணீர் அப்படியல்ல, மென்று நசுக்கும் வரை இடத்தை அடைத்துக்கொண்டே நிற்கும். இளம்புல்லில் நாரும் குறைவு. நார் குறைந்தால் அசை போடுவது குறையும், உமிழ்நீரும் குறையும். அந்த உமிழ்நீர்தான் ஆப்பசோடா மாதிரி வயிற்றின் புளிப்பை அடக்குகிறது. படுத்திருக்கும் ஆடுகளை மத்தியானம் ஒரு நடை போய்ப் பார். பாதிக்கு மேல் அசை போடவில்லையென்றால் நான் சொல்வது சரி.

அதனால் காலையில் பட்டி திறப்பதற்கு முன் தட்டையோ கடலைக்கொடியையோ போட்டுவிடு. வெறும் வயிற்றோடு பச்சையில் விடாதே. வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு ஓட்டினால் போதும். ஈரம் இருக்கும்வரை புழுக்குஞ்சுகள் புல் நுனியில் ஏறி நிற்கும். நீ மருந்து கொடுத்தாலும், அடுத்த நாள் காலையே ஆடு அந்தக் குஞ்சுகளைத் திரும்பவும் மேய்ந்துவிடும்.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நான் பட்டி போட்ட முதல் வருஷம், இதே ஐப்பசியில், நாலு குட்டிகள் ஒரே ராத்திரியில் செத்தன. நோஞ்சான் குட்டிகள் அல்ல, நன்றாகக் கொழுத்தவை. துள்ளுமாரி. காய்ந்த மேய்ச்சலிலிருந்து திடீரென்று பச்சைக்கு மாறும்போது குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சாகிவிடுகிறது. மழைக்கு முன்னே ஊசி போட்டிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. விடிகாலையில் அந்தத் தாய் ஆடுகள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீ போட்டாயா? போடாவிட்டால் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போ. அப்படியே கழிச்சலையும் சொல், ஒரு பிடி புழுக்கையைக் காட்டு.

மாசிக்குப் பிறகு கதை தலைகீழாகும். தட்டும் வெள்வேலங்காயும்தான் தீனி, கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் கேட்கும். தொட்டி காய்ந்தால் ஆடு தட்டையும் ஒதுக்கிவிடும். அதை அப்போது பேசிக்கொள்வோம்.

உன் தட்டுப்போர் தீர்ந்துவிட்டது என்று உன் மாமா சொன்னார். வெள்ளிக்கிழமை வண்டியில் ஐம்பது கட்டு ஏற்றி விடுகிறோம். நனையாமல் போட ஒரு தார்ப்பாய் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா